‘பாஸ்’ என்ற சொல்லின் பல முகங்கள்



நம் பாலிடெக்னிக்கில் காலை முதல் சாயங்காலம் வரை அதிகமாகக் காதில் விழும் இங்கிலீஷ் சொல் எது? யோசித்துப் பார்த்தேன். ‘கரண்ட்’டும் இல்லை, ‘லேப்’பும் இல்லை. ‘பாஸ்’தான்! பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் “பாஸை எடு” என்கிறார். கேட்டில் வாட்ச்மேன் “கேட் பாஸ் எங்கே?” என்கிறார். ஹாஸ்டல் நண்பன் அவுட் பாஸுக்கு அலைகிறான். ஒர்க்‌ஷாப்பில் “இன்னும் ஒரு பாஸ் ஓட்டுப்பா” என்கிறார்கள். கிரவுண்டில் “டேய், பாஸ் குடுடா!” என்று கத்துகிறார்கள். ரிசல்ட் வந்த அன்றைக்கோ ஊரே ஒரே கேள்விதான் கேட்கிறது: “பாஸா, பெயிலா?”

ஒரே சொல். ஆனால் இத்தனை வேலை செய்கிறது. இதை நமக்கு யாரும் தனியாக வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். படிக்காத என் அம்மாவும், ஆயாவும்கூட இந்தச் சொல்லைத் தப்பில்லாமல் பயன்படுத்துகிறார்கள். இது எப்படி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், இங்கிலீஷ் படிக்க ஒரு நல்ல வழியே கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வேர் எங்கே இருக்கிறது?

எந்தச் சொல்லுக்கும் ஒரு பிறந்த வீடு உண்டு. ‘பாஸ்’ பிறந்த வீடு லத்தீன் மொழி. லத்தீனில் ‘பாஸ்ஸுஸ்’ என்றால் காலடி, நடையில் எடுத்து வைக்கும் எட்டு. அதிலிருந்து பிரெஞ்சு மொழிக்குப் போய், அங்கிருந்து இங்கிலீஷுக்கு வந்தது. ஆக, ‘பாஸ்’ என்பதன் அடிப்படைப் பொருள் மார்க்கும் இல்லை, சீட்டும் இல்லை. எட்டு வைத்துக் கடந்து போவது. அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் தூரத்தை ‘மைல்’ கணக்கில்தான் சொல்வார்கள். அந்த ‘மைல்’ எப்படி வந்தது? ரோமானியப் படைவீரர்கள் நடக்கும்போது ஆயிரம் எட்டு எண்ணினால் ஒரு மைல். லத்தீனில் ‘மில்லே பாஸ்ஸுஸ்’ என்றால் ஆயிரம் எட்டு. வலது கால் ஊன்றி, மறுபடி அதே வலது கால் ஊன்றும் வரை ஒரு எட்டு என்று கணக்கு. இரண்டு கால் தப்படி சேர்ந்தது அது. அதனால் ரோமானிய மைல் நம் கணக்கில் சுமார் 1,480 மீட்டர் வரும். ‘மைல்’ என்பது அந்த ஆயிரம். ‘பாஸ்’ என்பது அந்த எட்டு. இரண்டும் ஒரே தொடரில் இருந்து பிரிந்து வந்தவை!

இந்த வீட்டுப் பிள்ளைகள் இன்னும் நிறைய. கடந்து போகிறவர் ‘பாசஞ்சர்’. கடந்து போகும் வழி ‘பாசேஜ்’. எல்லை கடக்க ‘பாஸ்போர்ட்’. கடந்து போன காலம் ‘பாஸ்ட்’. கடக்கக் கூடாத இடத்தைக் கடந்தால் ‘டிரெஸ்பாஸ்’. ரயில்வே இடங்களில் அத்துமீறி நுழையாதே என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அதுதான். நம் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ‘காம்பஸ்’கூட இந்த வீட்டுப் பிள்ளைதான். எட்டு வைத்து அளப்பது என்ற பொருளில் வந்தது. அடுத்த முறை டிராயிங் ஹாலில் அது தன் இரண்டு காலால் பேப்பரில் நடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘பாசிவ்’, ‘பேஷன்’, ‘பேஷண்ட்’ ஆகியவை இந்தக் குடும்பம் இல்லை. அவை ‘தாங்கிக்கொள்’, ‘துன்பப்படு’ என்ற பொருள் உள்ள வேறொரு லத்தீன் வினையில் இருந்து வந்தவை. எழுத்து ஒன்றுபோல இருப்பதால் சொந்தம் கொண்டாடக் கூடாது. ரெசிஸ்டரை ‘பாசிவ் காம்பொனென்ட்’ என்பது அது கரண்டைக் கடக்க விடுகிறது என்பதால் அல்ல. தானாக எந்தச் சக்தியும் கொடுக்காமல், வருவதை வாங்கிக்கொள்வதால்.

இன்னொரு சிக்கல் நம் தமிழ் எழுத்தில் இருக்கிறது. தமிழில் ‘ப’ ஒன்றுதான். முதலாளியும் ‘பாஸ்’தான், தேர்ச்சியும் ‘பாஸ்’தான். 2010ல் வந்த ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ படத்தின் தலைப்பில் இருப்பது முதலாளி பாஸ். கதாநாயகனுக்குக் கிடைக்காததோ இங்கிலீஷ் பேப்பர் பாஸ்! எழுதும்போது குழம்பும், பேசும்போது குழம்பாது.

எங்க ஊரு இலக்கணம்

இப்போது அம்மாவும் ஆயாவும் எப்படித் தப்பில்லாமல் பேசுகிறார்கள் என்ற கேள்விக்கு வருவோம். விடை ரொம்ப எளிது. அவர்கள் ‘பாஸ்’ என்று தனியாக விடுவதே இல்லை. பின்னால் ஒரு தமிழ் வினையைச் சேர்த்துத்தான் பேசுகிறார்கள். அந்த வினைதான் பொருளைப் பிரிக்கிறது.

‘பாஸ் எடு’, ‘பாஸ் காட்டு’ என்றால் அது சீட்டு. நம் விழுப்புரத்துக்கும் இந்த பாஸுக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. 1975ல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. 1997ல் தலைவர்கள் பெயர்கள் எடுக்கப்பட்டு, அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. திண்டிவனத்தில் இருந்து கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் வழியாக விழுப்புரம் வந்து படிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் சின்ன அட்டை வெறும் அட்டை இல்லை. தினம் இரண்டு டிக்கெட் காசு வீட்டில் கேட்க வேண்டியிருந்தால் நம்மில் பல பேர் செகண்ட் செமஸ்டரைப் பார்த்திருக்க மாட்டோம். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது எங்க ஆயா என்னைப் பார்த்துச் சொன்னது: “உனக்குத்தான் பாஸு வேணும், எனக்கு நானே பாஸு!”

‘பாஸ் ஆவுது’ என்றால் தானாகவோ, வேறொருவர் கையாலோ ஒன்று நடந்து முடிகிறது. “லோன் பாஸ் ஆயிடுச்சா?”, “பில்லு இன்னும் பாஸ் ஆவல”, “சட்டம் பாஸ் ஆயிடுச்சு.” மேஜை மேஜையாக நகர்ந்து கடைசிக் கையெழுத்தைக் கடந்துவிட்டது என்று அர்த்தம். மயிலம் மாதிரிச் சின்ன ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் வண்டி நிற்காமல் போனால் “பாஸ் ஆயிடும்” என்பார்கள். அதுவும் கடந்து போவதுதான்.

‘பாஸ் பண்ணு’ என்றால் நம் கை வேலை இருக்கிறது. பந்தைப் பாஸ் பண்ணு, செய்தியைப் பாஸ் பண்ணு, பரீட்சையைப் பாஸ் பண்ணு.

‘பாஸ் சொல்லு’ என்றால் விட்டுக்கொடுப்பது. வினாடி வினாவில் விடை தெரியாவிட்டால் “பாஸ்” என்கிறோமே, அது. கேள்வி நம்மைக் கடந்து அடுத்த அணிக்குப் போகட்டும் என்று பொருள். பரீட்சையில் ‘பாஸ்’ என்றால் வெற்றி. வினாடி வினாவில் ‘பாஸ்’ என்றால் தெரியவில்லை. ஒரே சொல், நேர் எதிர்!

‘பாஸ் போடு’ என்றால் மேலே இருக்கிறவர் நம்மைக் கடத்தி விடுகிறார். இது முக்கியமான பாஸ். இதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

வினை இல்லாமல் தனியாக விட்டால் என்ன ஆகும்? ஆயாவை ஒரு தரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். நர்ஸ் அக்கா அவசரத்தில், “பாட்டி, யூரின் பாஸ்?” என்று மட்டும் கேட்டார். ஆயாவுக்கு முதல் சொல் புரியவில்லை, இரண்டாவது புரிந்தது. என்னைக் கை காட்டி, “என் பேரன் எல்லாத்துலயும் பாசும்மா!” என்றார். வார்டே சிரித்தது. நர்ஸ் அக்காவும் சிரித்துவிட்டு, “ஒண்ணுக்கு சரியாப் போவுதா பாட்டி?” என்று கேட்டார். உடனே பதில் வந்தது. குற்றம் ஆயா மேல் இல்லை, அந்தச் சொல் துணை இல்லாமல் வந்ததில் இருந்தது.

தேறினான், தேற்றினார்

இங்கிலீஷில் இன்னொரு விஷயம் கவனியுங்கள். ‘ஸ்டூடண்ட் பாஸ்ட் தி எக்ஸாம்’ என்றாலும் பாஸ்தான். ‘எக்ஸாமினர் பாஸ்ட் தி ஸ்டூடண்ட்’ என்றாலும் பாஸ்தான். முதலாவதில் மாணவன் பரீட்சையைக் கடக்கிறான். இரண்டாவதில் திருத்துகிறவர் மாணவனைக் கடத்தி விடுகிறார். சொல்லின் உருவம் மாறவே இல்லை.

தமிழில் இது மாறும். தேறினான் என்பது தன்வினை. தேற்றினார் என்பது பிறவினை. இந்தத் ‘தேறு’ என்ற சொல் இருக்கிறதே, அது பாஸை விட ஆழமானது. காய்ச்சலில் கிடந்தவன் எழுந்தால் “உடம்பு தேறிட்டான்” என்கிறோம். துக்கத்தில் இருப்பவரிடம் “மனசைத் தேத்திக்கோ” என்கிறோம். கலங்கின தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் ஒரு கொட்டையைத் தேய்ப்பார்கள். அதன் பெயர் தேற்றாங்கொட்டை. கணக்கில் ‘தியரம்’ என்பதைத் தமிழ்ப் புத்தகத்தில் ‘தேற்றம்’ என்றுதானே படித்தோம்? கலக்கம் போய்த் தெளிவு வருவதுதான் தேறுவது. நாமும் அரியர் பேப்பர் முடிந்தால் “கிளியர் பண்ணிட்டேன்” என்கிறோம் அல்லவா! தெரியாமலே நம் தாத்தா பாட்டி சொல்லைத்தான் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் பட்டறையில் பாஸ்

இனி நம் டிப்ளமா பாடத்துக்குள் வருவோம். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு லேத்தில் டூல் ஜாபின் மேல் ஒரு தடவை ஓடி முடிந்தால் அது ஒரு பாஸ். முதலில் ஆழமாக வெட்டும் ரஃப் பாஸ்கள், கடைசியில் மெல்லிசாக ஒரு ஃபினிஷிங் பாஸ். வெல்டிங்கிலும் அப்படித்தான். கனமான தகட்டில் வி வடிவப் பள்ளம் எடுத்து, அடியில் முதலில் ரூட் பாஸ், அப்புறம் ஃபில்லிங் பாஸ்கள், மேலே மூடுவது கேப் பாஸ். ஒவ்வொரு பாஸுக்கும் நடுவில் கசடைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கசடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மேலே பார்க்க அழகாக இருக்கும், பாரம் ஏறினால் விரியும். ரூட் பாஸ் சரியில்லாமல் கேப் பாஸ் எவ்வளவு பளபளத்தாலும் பிரயோஜனம் இல்லை. படிப்புக்கும் இது பொருந்தும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் எலெக்ட்ரானிக்ஸ் பிராஞ்சில் ஃபில்டர் என்றாலே பாஸ்தான். குறைந்த ஃப்ரீக்வென்சியை மட்டும் விட்டால் லோ பாஸ். அதிகமானதை மட்டும் விட்டால் ஹை பாஸ். நடுவில் ஒரு பட்டையை மட்டும் விட்டால் பேண்ட் பாஸ். காற்றில் எத்தனையோ ரேடியோ அலைகள் இருந்தும் நமக்கு வேண்டிய ஒரு ஸ்டேஷன் மட்டும் கேட்கிறதென்றால், உள்ளே பேண்ட் பாஸ் வேலை நடக்கிறது. இவை போக ஆல் பாஸ் ஃபில்டர் என்று ஒன்று உண்டு. அதையும் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் நண்பர்களுக்குப் பைத்தான் மொழியில் ‘பாஸ்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதன் வேலை என்ன தெரியுமா? ஒன்றும் செய்யாமல் இருப்பது! ‘இங்கே ஒன்றும் செய்ய வேண்டாம், அடுத்த வரிக்குப் போ’ என்று பொருள். நம்மில் சில பேர் முதல் வருஷம் முழுக்க இந்தக் கட்டளையைத்தான் ஓட்டினார்கள் என்று ஒரு நண்பன் கிண்டல் செய்தான்.

முன்னே வந்தால் ஒன்று, பின்னே வந்தால் ஒன்று

தமிழில் ‘பாஸ்’ஸோடு வரும் துணை, வினை. இங்கிலீஷில் வரும் துணை அவே, அவுட், ஆன், பை, ஓவர் போன்ற குட்டிச் சொற்கள். குட்டிதான், ஆனால் கெட்டி! முக்கியமானவற்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ் அவே: இறந்து போவதை மரியாதையாகச் சொல்வது. நாம் ‘காலமானார்’, ‘தவறிட்டார்’ என்கிறோமே, அது போல. லீவ் லெட்டரில் வரும்.

பாஸ் ஆன்: கைக்குக் கை மாற்றிவிடுவது. நோட்ஸைப் பாஸ் ஆன் பண்ணலாம், தகவலையும் பண்ணலாம்.

பாஸ் பை: பக்கமாகக் கடந்து போவது.

பாஸ் ஓவர்: ஒருவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பது. ப்ரமோஷன் விஷயத்தில் அடிக்கடி வரும்.

பாஸ் அப்: வந்த வாய்ப்பை வேண்டாம் என்று விடுவது.

பாஸ் ஆஃப்: போலியை அசல் என்று தள்ளிவிடுவது.

பாஸ் த்ரூ: ஊடே கடப்பது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, நம்மில் யாரும் மறக்க மாட்டோம். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் உயர்ந்து வண்டிகள் நின்றன. புயல் கடந்தது ஒரு ராத்திரி. தண்ணீரை நாம் கடக்கப் பல நாள் ஆனது. முதலாவது வெறும் ‘பாஸ்’, இரண்டாவது ‘பாஸ் த்ரூ’.

இதே குட்டிச் சொற்கள் இடம் மாறினால் வேறு கதை. ‘பாஸ் பை’யைத் திருப்பிப் போட்டால் ‘பைபாஸ்’. “திண்டிவனம் ஊருக்குள்ள போவாது, பைபாஸ்ல எறங்கிக்க” என்று கண்டக்டர் சொல்லும்போது நாம் படும் பாடு நமக்குத்தான் தெரியும். இதயத்தில் அடைத்த ரத்தக் குழாயைச் சுற்றி வேறு வழி போட்டால் அது பைபாஸ் ஆபரேஷன். ஆம்ப்ளிஃபயரில் எமிட்டர் ரெசிஸ்டரைச் சுற்றி ஏசி சிக்னலுக்கு வழி விட்டால் அது பைபாஸ் கெபாசிட்டர். ரோடு, இதயம், சர்க்யூட் மூன்றிலும் ஒரே தத்துவம்: தடையை உடைக்காதே, சுற்றிப் போ.

‘அவுட் பாஸ்’ வாங்கினால் சாயங்காலத்துக்குள் ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டும். ‘பாஸ் அவுட்’ ஆனால் திரும்பவே வேண்டாம்! இந்தப் ‘பாஸ் அவுட்’டில் மட்டும் ஜாக்கிரதை. நம் நாட்டில் படிப்பை முடித்து வெளியேறுவதை அப்படிச் சொல்கிறோம். ராணுவத்தில் பயிற்சி முடித்து வெளியேறும்போது நடக்கும் அணிவகுப்புக்கு ‘பாஸிங் அவுட் பரேட்’ என்றே பெயர். சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் அது நடக்கிறது. ஆனால் அமெரிக்காக்காரரிடம் ‘ஐ பாஸ்ட் அவுட்’ என்றால் ‘நான் மயக்கம் போட்டு விழுந்தேன்’ என்று புரிந்துகொள்வார். அதனால் இண்டர்வியூவில் ‘ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமா’ என்று சொன்னால் எந்த நாட்டுக்காரருக்கும் சந்தேகம் வராது.

எழுதும்போது ஒரு நுணுக்கம். ‘பாஸ்ட்’ என்று ஒரே மாதிரி ஒலிக்கும் சொல் இங்கிலீஷில் இரண்டு உண்டு. கடந்தது, தேறியது என்ற வினையானால் இரண்டு எஸ், அப்புறம் இ, டி. கடந்த காலம், தாண்டி என்ற பொருளானால் ஒரே எஸ், அப்புறம் டி இல்லை, ‘டென்’னின் முதல் எழுத்தான மற்ற ‘டி’. ‘யார், என்ன செய்தார்’ என்று கேள்வி போட்டு விடை வந்தால் முதலாவதை எழுதுங்கள். மார்க் போகாது.

மலை நடுவே உள்ள வழிக்கும் ‘பாஸ்’ என்றே பெயர். தமிழில் கணவாய். கைபர் கணவாயைச் சரித்திரப் பாடத்தில் படித்தோம். நம் மாநிலத்தில் செங்கோட்டையில் இருந்து கொல்லம் போகிறவர்கள் ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் போகிறார்கள். கணவாய் என்றால் மலை தலை குனிந்த இடம். மலையைத் தூக்கி எறிய முடியாது. அது குனிந்து கொடுக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கடக்க வேண்டும்.

டைம்பாஸ் என்றொரு நம்ம ஊர்ச் சரக்கு

ரயிலிலும் பஸ் ஸ்டாண்டிலும் “டைம்பாஸ், டைம்பாஸ்!” என்று கூவி விற்பது எது? வேர்க்கடலை! இங்கிலீஷில் ‘பாஸ்டைம்’ என்றால் பொழுதுபோக்கு; அதை நாம் திருப்பிப் போட்டு ஒரு தின்பண்டத்துக்கே பெயர் வைத்துவிட்டோம். வேர்க்கடலைக்கும் நமக்கும் உள்ள உறவு தெரியும்தானே? நம் பக்கத்து மானாவாரிப் பயிர் அது. டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை ரகங்கள் இந்தியா முழுக்கப் பேர் வாங்கியவை. அந்த மூன்று எழுத்துக்கு விரிவு திண்டிவனம்! அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் அவை. பிறருக்கு டைம்பாஸ் ஆக இருப்பது, களத்தில் குனிந்து கடலை ஆயும் நம் தாய்மார்களுக்குக் கூலி. இதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆல் பாஸ்

இப்போது கடைசிக்கு வைத்ததற்கு வருகிறேன்.

கொரோனா காலத்தில், 2021 பிப்ரவரி 25 அன்று, ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் எல்லாரும் பரீட்சை இல்லாமலே தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. நான் அப்போது ஒன்பதாவது. நமக்கு ஒரு வருஷம் முன்னால் இருந்த அண்ணன், அக்காக்கள் பத்தாவது. அவர்கள் சான்றிதழில் மார்க் இல்லை, தேர்ச்சி என்று மட்டும் இருந்தது. ஊரில் எல்லாரும் “ஆல் பாஸ் போட்டுட்டாங்க” என்று பேசிக்கொண்டார்கள். யாரும் “பசங்க பாஸ் பண்ணிட்டாங்க” என்று சொல்லவில்லை. வினை எவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறது பாருங்கள்!

எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் டிப்ளமா முடித்து ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டார். ஃபாரத்தில் ‘பத்தாம் வகுப்பு சதவீதம்’ என்று ஒரு கட்டம். அவரிடம் நம்பர் இல்லை. வெற்றாக விட்டால் ஃபாரம் அடுத்த பக்கம் போக மறுக்கிறது. நேரில் போய்க் கேட்டபோது, “ஓ, நீங்க அந்த ஆல் பாஸ் செட்டா?” என்று ஒரு மாதிரி சிரித்தார்களாம். வீட்டில் செல்போன் இல்லாமல், பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கல்வித் தொலைக்காட்சி பார்த்துப் படித்தவர் அவர். அப்புறம் டிப்ளமாவில் ஒவ்வொரு பேப்பரையும் தானே எழுதிப் பாஸ் பண்ணினவர். ‘போட்ட’ ஒரு பாஸை வைத்து, ‘பண்ணின’ அத்தனை பாஸையும் அழித்துவிட்டார்கள். வினையை மறந்ததால் வந்த அநியாயம் இது.

அவருக்கும், நம்மில் அந்தப் பெயரைக் கேட்டுத் தலை குனிகிற எல்லாருக்கும், எங்கள் பாடத்தில் உள்ள ஆல் பாஸ் ஃபில்டரைக் காட்ட ஆசைப்படுகிறேன். அது எந்த ஃப்ரீக்வென்சியையும் தடுக்காது. எல்லாவற்றையும் ஒரே அளவில் வெளியே விடும். அப்படியானால் அது எதற்கு, வெறும் ஒயர் போதாதா? போதாது. அது அளவை மாற்றாமல் ஃபேஸை மாற்றும். நீண்ட தூரம் போகும் சிக்னலில் சில ஃப்ரீக்வென்சி முந்தி வரும், சில பிந்தி வரும். அப்படியே விட்டால் சிக்னல் உருக்குலைந்து போகும். அங்கே ஆல் பாஸைப் போட்டால் முந்தி வந்ததைச் சற்றே தாமதப்படுத்தி, பிந்தி வந்ததோடு சேர்த்து வரிசைப்படுத்தும். யாரையும் தள்ளிவிடாமல் எல்லாரையும் ஒன்றாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சர்க்யூட் அது. 2021ல் நமக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுதான். இணையமும் செல்போனும் உள்ள வீட்டுப் பிள்ளை முந்தி நின்றது, நாம் பிந்தி நின்றோம். யாரையும் வெளியே தள்ளாமல் விட்டார்கள். அதற்குப் பிறகு 2022 மே மாதம் நான் பத்தாவது பொதுத்தேர்வு எழுதித்தான் இங்கே வந்தேன்.

நம் மாவட்டம் தேர்ச்சி விகிதப் பட்டியலில் கடைசி வரிசையில் நின்ற வருஷங்களும் உண்டு. அந்தப் பட்டியலைப் பேப்பரில் பார்க்கும்போதெல்லாம், அந்த நம்பருக்குள் இருக்கிற வினை என்ன என்று யாரும் கேட்பதில்லை. கரும்பு வெட்டப் போன வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டே படித்தவளும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறாள். அவள் எடுத்த 35, வெறும் 35 இல்லை. அவள் எட்டு வைத்துக் கடந்த தூரம் அது.

தோழர்களே, தோழியரே! இங்கிலீஷ் சொல் ஒன்றைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். தனியாக நிற்கும் சொல்லை மனப்பாடம் செய்யவும் வேண்டாம். அதன் முன்னே, பின்னே யார் நிற்கிறார் என்று பாருங்கள். பாதிப் பொருள் அங்கேயே கிடைத்துவிடும். படிக்காத நம் வீட்டுப் பெரியவர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? ‘பாஸ்’ஸை முடித்ததும் ‘செட்’, ‘ரன்’, ‘கட்’, ‘லைன்’, ‘லோட்’ என்று வாரம் ஒரு சொல் எடுங்கள். நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, பஸ்ஸில், பட்டறையில், பேப்பரில், வீட்டில் எப்படி எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். மூன்று வருஷத்தில் அது உங்களுக்கே உங்களுக்கான அகராதியாகும்.

ஒருவேளை யாராவது உங்களைப் பார்த்து “நீ பாஸா?” என்று கேட்டால், “எந்த பாஸைக் கேக்குறீங்க?” என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கேளுங்கள். நாம் கடந்து வந்த எட்டு நமக்குத் தெரியும். இன்னும் கடக்க வேண்டியதும் தெரியும்.



– மூன்றாம் ஆண்டு, எலெக்ட்ரானிக்ஸ் மற்றும் கம்யூனிகேஷன் பிரிவு